வண்டி முதுகில் ஒரு வரி

தொழிலாளி மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த கன்டெய்னர் யார்டின் முதலாளிகளுக்குத் திடீரென்று ஆசை வந்தது. டிரைவர் ஹென்றி அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். அதுவரை யாருக்கும் வராத ஆசை.

திருவொற்றியூரில் எண்ணூர் போகிற சாலையை ஒட்டியிருந்தது யார்டு. சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி பதினொன்று, இரண்டு ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் டிரைவர் இறங்கும்போது வண்டியின் முதுகில், அதாவது பின்பக்க இரும்புப் பாளத்தில், சாக்பீஸால் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போவான். ‘ஹார்ன் செத்துப்போச்சி, வாயால கத்து.’ ‘லெஃப்டுல இழுக்குது.’ அடுத்தவன் முதுகைப் படிக்காமல் சீட்டில் ஏற மாட்டான். யாரும் உத்தரவு போட்டு வந்த பழக்கமில்லை. உயிர் மேல் இருந்த ஆசையில் வந்தது.

தலைமை ஆபீஸிலிருந்து மோகனப்ரியா என்ற அதிகாரி வந்தார். நல்ல பெண்தான், சிரித்த முகம். இனிமேல் எல்லாத் தகவலும் ‘நம்ம குரல்’ என்கிற ஆப்பில்தான் என்றார். வண்டிகளுக்குப் புது மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். சாக்பீஸுக்குத் தடை வந்தது.

“மேடம், போனை கேட்டுலயே வாங்கி லாக்கர்ல வச்சிடறாங்களே. உள்ள இருக்கறவன் எப்படிப் பாப்பான்?” என்று ஹென்றி கேட்டான்.

“சூப்பர் பாயிண்ட் சார்!” என்று மோகனப்ரியா டைரியில் குறித்துக்கொண்டார். அந்தப் பாயிண்ட் டைரியிலேயே குடித்தனம் நடத்தியது. ஆனால் கேள்வி கேட்டவனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஹென்றியைத் தொழிலாளர் தொடர்பாளர் ஆக்கினார். ‘பேசுங்க, கேட்கிறோம்’ என்று எழுதிய பேட்ஜ் கொடுத்தார். கான்ட்ராக்டில் கிடந்தவனுக்கு மார்ச்சில் பெர்மனென்ட் ஆர்டர் வரும் என்றும் சொன்னார். ஹென்றிக்குக் கால் தரையில் பாவவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவன் அதை முழு மனதாக நம்பவும் செய்தான்.

ஏழாம் நம்பர் வண்டியை முதல் ஷிஃப்டில் ஓட்டுகிறவர் அலி அக்பர். ஹென்றியோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரிடம் இருந்தது பட்டன் போன். “ஆப்பாவது தோப்பாவது, போ மாமு” என்று சட்டைப்பையில் சாக்பீஸை ஒளித்து வைத்துக்கொண்டே திரிந்தார்.

டைரக்டர்கள் வந்த அன்று, இரண்டு மணிக்கு கேன்டீனில் கூட்டம். ஹென்றி பேச வேண்டும். அலி அக்பர் வண்டியை ஓரம் கட்டி, வழக்கம்போல முதுகில் எழுதிவிட்டு கேட்டை நோக்கி நடந்தார். விருந்தாளிகளின் கார் உள்ளே நுழைகிற நேரம்.

“அய்யோ, அது என்ன சார் கிறுக்கல்? போட்டோவில் விழும், சீக்கிரம் துடைங்க!” என்று மோகனப்ரியா பதறினார்.

ஹென்றி ஈரத்துணியோடு ஓடினான். ‘பிரேக் புடிக்கல. எடுக்காத’ என்று இருந்தது. நின்று படித்தான். பிறகு துடைத்தான். இரண்டாம் ஷிஃப்டுக்கு அந்த வண்டியை எடுக்க வருகிற பிலாலிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் என்றது நான்கு நிமிடம் ஆயிற்று. ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசினால் யார்டே ஒரு குடும்பம் ஆகிவிடும் என்று பேசினான். பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் கை தட்டியதில்லை, அன்று தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பிலால் நினைவே போய்விட்டது.

பிலால் வந்தான். சுத்தமான மஞ்சள் முதுகைப் பார்த்தான், ஏறினான். சரிவில் வண்டி நிற்கவில்லை. குதிக்கப் பார்த்தவனின் வலது கால் வண்டிக்கும் கிடங்குத் தூணுக்கும் நடுவில் மாட்டியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணை, நடத்தியது மோகனப்ரியா. பிரேக் பழுதை ஆப்பில் பதிவு செய்யவில்லை என்று அலி அக்பர் மேல் குற்றச்சாட்டு. தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்திருந்தது ஹென்றி, பேட்ஜோடு.

“எழுதிட்டுத்தான் போனேன். வண்டி முதுகுல” என்றார் அலி அக்பர்.

“யாராவது பார்த்தாங்களா?”

அவர் ஹென்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனப்ரியா ஹென்றி பக்கம் திரும்பினார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை. “எழுத்து எதுவும் இருந்த மாதிரி தெரியலையே, இல்லையா சார்?”

ஒரே ஒரு வாக்கியம். இருந்தது மேடம், நீங்கள் சொல்லித்தான் துடைத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரை வந்ததை ஹென்றி விழுங்கினான். மார்ச்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“நான் கவனிக்கல மேடம்.”

அலி அக்பரின் வேலை போய்விட்டது. கேட்டில் லாக்கரைத் திறந்து பட்டன் போனை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஹென்றி வந்து நின்றான். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது அவனுக்கு.

“பாய்...”

“அன்னிக்கு இதே எடத்துல நின்னு திரும்பிப் பாத்தேன் மாமு. நீ படிச்ச. அப்பால தொடச்சிகினு இருந்த. சரி, ஹென்றி படிச்சிட்டான், பிலாலுக்கு சேதி பூடும்னு நிம்மதியா வூட்டுக்குப் பூட்டேன்.”

“அதை உள்ளயே சொல்லியிருக்கலாமே பாய். ஏன் சொல்லல?”

“நீயே சொல்லுவன்னு கடைசி வரைக்கும் பாத்துகினு குந்தினு இருந்தேன்.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். அதில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டுக்கொண்டார்.

“ஸ்டான்லிக்குப் போறேன். பிலால் தெனம் கேக்கறான், ஏன் மாமு நீ எழுதாம போனன்னு. இன்னிக்கு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?”

மைக்கில் நான்கு நிமிடம் பேசியவன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டான். அலி அக்பர் அதைப் பார்த்தார். பிறகு பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.