தலைவர் நேரில் வரவேண்டும்

“செத்திட்டார் எண்டு எழுதினால்தானே புஸ்பக்கா, நாளைக்கு எங்களுக்குத் திறப்பு…”

“எழுதுவியள் தம்பி. எட்டு மாசமாய் அதைத்தானே பாத்துக்கொண்டு…”

“திறப்புக் கிடைக்கும் எண்டு நான் சொல்லுறன், நீங்கள் என்னடாவெண்டால்…”

“…இருக்கிறியள், அந்தக் கதிரை எப்ப காலியாகும் எண்டு.”

“கதிரை காலியாய்த்தான் அக்கா கிடக்கு. அதுதான் இப்ப கரைச்சல்.”

கடைசியாகச் சொன்னவர் தவராசா, சங்கத்தின் உபதலைவர். அவரோடு மல்லுக்கு நின்றவர் புஸ்பவதி, போன ஒக்டோபரில் காலமான தலைவர் கதிரேசுவின் மனைவி, தானும் செயற்குழுவில் ஒருவர். இரண்டு பேருக்கும் நடுவில் பேனையைத் திறந்தபடி இருந்தவள் குகனேஸ்வரி. இருபது வருசமாகச் செயலாளர். அவள் எழுதாத கடிதமும் இல்லை, விலக்குப் பிடிக்காத சண்டையும் இல்லை. இன்றைக்கு இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

வியாழக்கிழமைப் பின்னேரம். இத்தாலியில் வீடுகளில் வேலை செய்கிற சனத்துக்கு அரைநாள் லீவு. தலைமயிர் வெட்டுவதும் ஊருக்குப் போன் எடுப்பதும் பல்லரோச் சந்தையில் மீன் வாங்குவதும் சங்கக் கூட்டம் வைப்பதும் எல்லாம் அந்த நாலைந்து மணித்தியாலத்துக்குள் நடந்தாக வேண்டும். சந்தையில் ஒருத்தன் கத்தரிக்காயைக் கூவி விற்கிற சத்தம் யன்னலால் வந்துகொண்டிருந்தது.

“குகா, நீ வாயைத் திறவன்,” என்றார் புஸ்பவதி. “அந்தப் பொம்பிளை என்ன சொன்னவள்? முதலிலையிருந்து சொல்லு.”

“ரெண்டு தரம் சொல்லிப்போட்டன் அக்கா.”

“மூண்டாந்தரம் சொல்லு.”

குகனேஸ்வரி சொன்னாள். காலமை பத்தரைக்குப் போன் வந்தது. அவள் லிபெர்த்தா வீதியில் சம்பளத்துக்குப் பார்க்கிற கிழவிக்கு, தொண்ணூற்றொரு வயதுச் சிஞ்ஞோராவுக்கு, சூப் தீத்திக்கொண்டிருந்த நேரம். நகரசபைக் கந்தோர்ப் பெண் சந்தோசமான குரலில்தான் தொடங்கினாள். உங்கள் விண்ணப்பம் சரிவந்துவிட்டது, பூட்டிக்கிடந்த பழைய ஆரம்பப் பள்ளிக்கூடக் கட்டிடத்தை உங்கள் சங்கத்துக்கே தருகிறோம், நாளைக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்து வைத்துக் கட்டிடத்துப் பூட்டின் திறப்பை எடுக்க வேண்டும்.

“நான் சொன்னன், தலைவர் வரேலாது எண்டு. அவள் கேட்டாள், சுகமில்லையோ எண்டு. நான் சொன்னன், அவர் ஒக்டோபரிலை மோசம் போட்டார் எண்டு. அவள் கடதாசியளைப் புரட்டிற சத்தம் கேட்டுது. பேந்து கேட்டாள், சிஞ்ஞோரா, விண்ணப்பம் பெப்ரவரியிலை வந்ததெல்லோ எண்டு.”

“அதுக்கு நீ?”

“எங்கட வழக்கம் எண்டன். வருசம் முடியுமட்டும் அந்த இடத்திலை வேறை ஆளை இருத்துறேல்லை எண்டன். உங்கட வழக்கத்துக்கு இன்னும் எத்தினை மாசம் கிடக்கு எண்டு கேட்டாள். நாலு எண்டன். எங்கட வழக்கத்திலை நாளைக்கு மத்தியானம் வரைதான் நேரம் எண்டாள்.”

தவராசாவுக்குச் சிரிப்பு வந்து, புஸ்பவதியின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

நாளைக்கு மத்தியானத்துக்குள் புதுத் தலைவரைத் தெரிந்த கூட்டக் குறிப்பு, செயற்குழுவில் மூன்று பேரின் கையெழுத்து, பழைய தலைவரின் மரணச் சான்றிதழ், எல்லாவற்றோடும் புதுத் தலைவர் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்ததாக இருக்கிற சங்கத்துக்குக் கட்டிடம் போய்விடும். செயற்குழுவில் இருப்பது ஐந்து பேர். எமிலியானுஸ் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். கிருபன் பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் கலியாண விருந்துக்குக் கதிரை அடுக்குகிறான், இரண்டு நாளைக்கு அசைய ஏலாது. மிச்சம் இந்த மூன்று பேர். சான்றிதழ் புஸ்பவதியிடம்.

“அவள் போனிலை கதைக்கேக்கை,” என்றாள் குகனேஸ்வரி, “சிஞ்ஞோரா வாயிலை சூப்பை வைச்சுக்கொண்டு கேட்டா, ஆர் செத்தது எண்டு. ஒருத்தரும் சாகேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு சொன்னன்.”

“பாத்தியே,” என்றார் புஸ்பவதி. “உனக்கே வாய் வரேல்லை. என்னை எழுதச் சொல்லுறாய்.”

பிழை எங்கே நடந்தது என்று குகனேஸ்வரிக்குத் தெரியும். குறிப்புப் புத்தகத்தில் அவளுடைய கையெழுத்திலேயே கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நவம்பரில் வைத்த கூட்டம். வருசம் நிறைந்து ஆட்டைத் திவசம் முடியட்டும், அதற்கு முதல் கதிரேசண்ணையின் கதிரையில் இன்னொருத்தர் இருக்கிறது வடிவில்லை என்று யாரோ பின்னுக்கிருந்து சொல்ல, நாற்பத்திமூன்று பேரும் கையை உயர்த்தினார்கள். முதல் உயர்ந்த கை தவராசாவுடையது. அவளும் உயர்த்தினாள், ஒரு கையால் உயர்த்திக்கொண்டு மற்றக் கையால் எழுதினாள். பெப்ரவரியில் கட்டிடத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது, தலைவர் என்ற இடத்தில் விரல் தானாகவே கதிரேசு என்று அடித்துவிட்டது. கீழே செயலாளர் என்று தான் கையெழுத்து வைத்து அனுப்பினாள். வாசித்துப் பார்த்த ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

“நாலே நாலு மாசம்,” என்றார் புஸ்பவதி. “அவருக்குச் சுகமில்லை எண்டு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கட்டிடம் கேட்டுப் பதினேழு மனுக் குடுத்த மனுசன். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலிலை உங்கட பெர்மெஸ்ஸோ விசாவுக்கு விடியப்புறமே போய் வரிசை பிடிச்சுத் தந்தவர். கட்டிடம் வரேக்கை அவற்றை பேரிலை வந்தால் ஆருக்கென்ன குறைஞ்சுபோகும்?”

“பேர் குறையாது அக்கா. ஆள்தானே வேணும்.”

“தவராசா, நீர் ஆளாய்ப் போகத்தானே துடிக்கிறீர்.”

“நான் துடிக்கேல்லை. ஆரும் கேட்டால் மறுக்கமாட்டன், அவ்வளவுதான்.”

“எட்டு மாசமாய் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தக் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறீர். ஒரு கால் இதிலை, ஒரு கால் அதிலை.”

“எனக்குக் கால் நீளம் அக்கா.”

குகனேஸ்வரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். மண்டபம் என்று வாய்தான் சொல்கிறது. தொடக்கத்தில் பன்னிரண்டு பேர் சரஸ்வதி பூசைக்கு எடுத்த ஒற்றை அறை. பிறகு பக்கத்து அறை, பிறகு மேல் அறை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்ணூற்றேழு பிள்ளைகள் படிக்கிறார்கள், மூன்றாம் வகுப்பு படிக்கட்டில் நடக்கிறது. படிக்கட்டால் ஆராவது இறங்கினால் மூன்றாம் வகுப்பு முழுவதும் எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குள்தான் பூப்புனித நீராட்டு விழா, இதற்குள்தான் செத்தவீட்டுக் கதிரைகள், கரம் பலகைப் போட்டி, வன்னியிலிருந்து சண்டைக்குப் பிறகு வந்த பொடியளுக்கு இத்தாலி மொழி வகுப்பு. இந்த மாதக் கடைசியோடு இதுவும் இல்லை. வீட்டுக்காரக் கிழவன் போய்ச் சேர, அவன்ரை பிள்ளைகள் உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டப்போகிறார்கள். பல்லரோவைச் சுற்றி இனி எல்லாம் அறைதான்.

“சரி,” என்றாள் குகனேஸ்வரி. “தவராசாண்ணை, உங்கட பேரையே எழுதுறன். நாளைக்குப் பத்து மணிக்கு நகரசபைக்கு வாங்கோ.”

தவராசா சட்டைப் பையைத் தடவினார். போனை எடுத்து ஏதோ பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கோ.”

“ஓம். அதைத்தானே வந்ததிலையிருந்து கதைக்கிறம்.”

“நாளைக்கு நான் கார் ஓடுற அப்புக்காத்து ஐயாவுக்கு நீதிமன்றத்திலை வழக்கு. ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விடோணும், வாசலிலை நிக்கோணும். ஒண்டு செய்யலாம். என்னைத் தலைவரெண்டு எழுதிப்போட்டு, நாளைக்கு மட்டும் நீங்கள் போய்…”

“தலைவர் நேரிலை வரவேணும் அண்ணை.”

“அதுதான் யோசிக்கிறன்.”

புஸ்பவதி சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து குகனேஸ்வரி கண்டது இதுதான் முதல் தரம். “என்ரை மனுசன் என்ன செய்யிறவர் தெரியுமே? சங்க அலுவல் வந்தால் வேலைவீட்டிலை பல்லுக்குத்து எண்டு சொல்லிப்போட்டு ஓடிவந்திடுவார். கடைசியிலை அந்த வீட்டுத் துரை, அவருக்கு வாயிலை ஒரு பல்லும் மிச்சமில்லை எண்டு நினைச்சு, நத்தார்ப் பண்டிகைக்கு மெத்தெண்ட கேக்காய்ப் பாத்து வாங்கிக் குடுத்தது.”

“எங்கட ஐயா வாயைத் திறந்து பல்லையும் எண்ணிப் பாப்பார் அக்கா.”

ஆக அந்தத் தலைவர் பதவி எங்கே வந்து விழும் என்று குகனேஸ்வரிக்குத் தெரிந்தது. அவள் கதவடிக்குப் போய் சிஞ்ஞோராவின் மகளுக்குப் போன் எடுத்தாள். நாளைக்குக் காலமை ஒரு மூன்று மணித்தியாலம் என்று தொடங்க, அந்தப் பக்கத்தில் அம்மாவை ஆர் குளிப்பாட்டுவது என்ற கேள்வி வந்தது. ஆறு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டி வைக்கிறேன் என்றாள். மருந்து? எட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பன்னிரண்டுக்குச் சாப்பாடு? பன்னிரண்டுக்கு முதல் வந்துவிடுவேன். சனிக்கிழமைப் பின்னேரமும் நிற்பாயா? நிற்கிறேன். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு சனிக்கிழமை போனது.

திரும்பி வந்து இருந்து, கூட்டக் குறிப்பை இத்தாலி மொழியில் எழுதினாள். புதுத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதியபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, மருந்துச் சீட்டு நிரப்புவதுபோல இருந்தது. தவராசா கையெழுத்து வைத்தார். பெரிய கையெழுத்து, மூன்று வரிக்கு. அவள் தாளைப் புஸ்பவதியின் பக்கம் தள்ளினாள்.

“என்ன எழுதியிருக்கிறாய்? தமிழிலை சொல்லு.”

“எங்கள் சங்கத்தை ஆரம்பித்து இருபத்தேழு வருடம் தலைவராக இருந்த கதிரேசு அவர்கள் ஒக்டோபர் இரண்டாம் தேதி காலமானதால் எண்டு தொடங்குது.”

“காலமானதால்.”

“ஓம் அக்கா.”

“ஆட்டைத் திவசத்துக்கு ஐயர் வரமுதல் கந்தோர்க்காரி வந்து அவரை வெட்டிவிடுறாள். அதுக்கு நான் கையெழுத்து வைக்கிறது.” புஸ்பவதி தாளைத் திருப்பி அவளிடமே தள்ளினார். “நான் வைக்கமாட்டன் குகா. என்னட்டைக் கேளாதை.”

“பிள்ளையள் தொண்ணூற்றேழு பேர் அக்கா,” என்றார் தவராசா. “என்ரை பேத்தி கேசிகாவும் அந்தப் படிக்கட்டிலைதான்…”

“எனக்குப் பிள்ளையளின்ரை கணக்குச் சொல்லாதையும். ஞாயிற்றுக்கிழமையிலை அதுகளுக்குத் தேத்தண்ணி ஊத்திறது நான்.”

இந்த இடத்தில் செயலாளர் ஏதாவது சொல்ல வேண்டும். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள். கதிரேசண்ணை இருந்தால் என்ன சொல்லுவார் என்று கேட்டிருப்பாள், கையைப் பிடித்திருப்பாள், ஒருநாளும் ஒத்துவராத ஆளை ஒத்துவரப் பண்ணுகிற அத்தனை கதையும் அவளிடம் இருந்தது. அவள் முழங்காலைப் பார்த்தாள். காலையில் கிழவியைத் தூக்கி இருத்தியதில் வீங்கி இருந்தது. பேனையை மூடினாள். தாளை இரண்டாக மடித்துக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

“சரி அக்கா. விடுவம்.”

“என்ன?”

“விடுவம். நாளைக்குக் காலமை போன் எடுத்து, எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். அடுத்த சங்கம் எடுக்கட்டும். அவையளுக்கும் பிள்ளையள் இருக்குந்தானே.”

அவள் வெருட்டவில்லை. அது தவராசாவுக்கும் விளங்கியது. வெளியே கத்தரிக்காய்க்காரனும் கூவி முடித்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

புஸ்பவதி எழும்பிப்போய் அடுப்பில் இருந்த தேத்தண்ணிக் கேத்திலைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது. திரும்பி வந்தார்.

“முப்பது வருசம் அந்த மனுசனோடை இருந்தன்,” என்றார். “காலமை நாலு மணிக்கு எழும்பேக்கை ‘ஐயோ’ எண்டுவார். கந்தோரிலை ஏசிப்போட்டுக் கலைச்சால் வந்து என்னோடை சண்டை பிடிப்பார். விடுவம் எண்டு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நீ எங்கையிருந்து பிள்ளை இதைப் பழகினனீ?”

“களைச்சுப்போனன் அக்கா.”

“அவருக்கும் களைப்புத்தான்.”

தோள்பையைத் திறந்தார். பஸ் அட்டை, மூக்குக்கண்ணாடி, கோயில் திருநீற்றுச் சரை, எல்லாம் மேசைக்கு வந்தன. அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ். நாலாக மடித்த மடிப்பு உறைக்குள்ளும் மடிப்பாகவே இருந்தது. எட்டு மாதமும் அவர் அதைப் பையோடு கொண்டுதிரிந்திருக்கிறார் என்று குகனேஸ்வரி அப்போதுதான் கண்டாள். வேலைக்கும் சந்தைக்கும் இந்தக் கூட்டங்களுக்கும்.

“இந்தா. போட்டோக் கொப்பி எடுத்துப்போட்டு மூலத்தைத் தா. அவளிட்டை விட்டிட்டு வராதை.”

“விடன் அக்கா.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலமானதால் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். குகனேஸ்வரி விரலால் காட்டினாள். இத்தாலி மொழியில் அந்தச் சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே மெதுவாகத் தன் பெயரை எழுதினார். வழக்கமாக அவர் திருமதி கதிரேசு என்றுதான் எழுதுவது. இன்றைக்குப் புஸ்பவதி என்று மட்டும் எழுதினார்.

தவராசா அப்புக்காத்து ஐயாவின் காரைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். போகிறபோது தலைவரின் வெறும் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, “தலைவர், நாளைக்குப் பிந்தாதேங்கோ,” என்று குகனேஸ்வரிக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

புஸ்பவதி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். அடுப்புத் துணியைப் பிழிந்து காயப்போட்டார். யன்னலைச் சாத்தினார். பிறகு இடுப்பில் செருகியிருந்த மண்டபத் திறப்பை எடுத்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அது தலைவர் வீட்டில்தான் இருப்பது. தலைவர் மூன்று மணிக்கு வருவார், தலைவரின் மனுசி இரண்டரைக்கே வந்து திறந்து கூட்டிவிட்டுத் தண்ணி கொதிக்கவைப்பார். திறப்பைக் குறிப்புப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

“உன்ரை வீட்டிலைதானே இனி இது இருக்கோணும்.”

குகனேஸ்வரி திறப்பைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

புஸ்பவதி பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கதவடியில் நின்றார்.

“அப்ப குகா, வியாழக்கிழமையளிலை இனி நான் இஞ்சை ஆரெண்டு வாறது?”