விரிசல் விழாத முகம்

அந்தக் கல்லூரியில் முதலாமாண்டு இயற்பியல் எடுக்கும் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'வைப்பர்', கார்க் கண்ணாடியைத் துடைக்குமே அது. வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையால் அழித்துக்கொண்டு போவார். நடுவில் எது மிஞ்சுகிறதோ அதுதான் பாடம். முதல் நாளே அறிவித்துவிட்டார்: "என் பேப்பர்ல பாதிப் பேர் தேறினாலே ஜாஸ்தி." ஒரு சமையல்காரர், என் கையால் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் பிழைத்தாலே அதிகம் என்று மார்தட்டினால் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பேராசிரியர் சொன்னால் அதற்குப் பெயர் தரம்.

பியூட்டி பார்லர்காரியின் மூத்த மகள் முதல் தேர்வில் நூற்றுக்குப் பதினான்கு வாங்கினாள். பள்ளியில் எதைக் கொடுத்தாலும் நெட்டுருப் போட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். வைப்பர் அவளுடைய விடைத்தாளை ஈரத்துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் நீட்டினார்.

"உனக்கு இது வராதும்மா. பேசாம வேற பாடத்துக்கு மாறிடு. வருஷக் கடைசில வாய்மொழித் தேர்வு. வெளியிலேருந்து ஒருத்தர் வருவாங்க, நானும் உக்காந்திருப்பேன். அதுல போச்சுன்னா டிபார்ட்மென்ட்டை விட்டே போகணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"மாறலை சார்."

வீரமாகச் சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடிதான் வந்தாள். அம்மா பார்லரில் ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"சரி, படிச்சதை எங்கிட்ட சொல்லு, பாக்கலாம்."

"உனக்குப் புரியாதும்மா."

"எனக்குப் புரியாதது இருக்கட்டும். உனக்குப் புரிஞ்சுதா?"

சாயம் பூசிக்கொள்ள வந்திருந்த அம்மாள் கண்ணாடி வழியாக அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து யாரிடமாவது சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்பா நல்ல மனிதர், எதைச் சொன்னாலும் "கரெக்ட், கரெக்ட்" என்றார். வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொன்னாள். அதற்கும் கரெக்ட் போட்டார். தம்பி இரண்டாவது வாக்கியத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மிஞ்சியது பார்லர்.

மாலையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக, வருகிறவர்கள் முகத்தில் களிமண் ஃபேஸ் பேக் பூசுவது அவள் வேலை. பூசிவிட்டால் காய்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. இதைவிட நல்ல வகுப்பு எந்த ஆசிரியருக்கும் அமையாது. எழுந்து போக முடியாது, கொட்டாவி விட முடியாது, இது பரீட்சைக்கு வருமா என்று கேட்கவும் முடியாது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு விசை, முடுக்கம் என்று ஆரம்பித்தாள்.

சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தாள். புரிந்தவர்கள் முகம் வழவழவென்று அப்படியே இருந்தது. புரியாதவர்கள் தங்களை அறியாமல் புருவத்தைச் சுருக்கினார்கள், உடனே நெற்றியில் பேக் வெடித்தது. சாதாரணமாக ஒரு வகுப்பில் எல்லாரும் புரிந்ததுபோல் தலையாட்டிவிடுவார்கள். காய்ந்த களிமண்ணுக்கு அந்த நாகரிகம் தெரியாது. விரிசல் விழுந்ததும் அவள் நிறுத்தி, "எந்த இடத்துல புரியலை?" என்று கேட்பாள். அவர்கள் விரலை ஆட்டி, முந்தின வரிக்குப் போ என்பார்கள்.

"அடியே, உன் பாடத்தால என் சரக்கு வீணாகுது," என்றாள் அம்மா. "இன்னொரு மூஞ்சி வெடிச்சா மிச்சத்தை உன் மூஞ்சிலதான் பூசுவேன்."

பெரிய வெடிப்பு தபால்கார அக்காவின் முகத்தில் நடந்தது. மோதும்போது இரண்டு பொருளும் ஒன்றையொன்று ஒரே விசையோடு தள்ளும் என்று இவள் சொல்லி முடிக்கவில்லை, நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்துகொண்டு அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னது? போன வருஷம் லாரிக்காரன் என் ஸ்கூட்டரை இடிச்சானே, லாரிக்கும் அதே இடிதானா?"

"அதேதான்கா."

"என் ஸ்கூட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. அந்த லாரி இன்னிக்கும் என் கண்ணு முன்னாடி மணல் அடிச்சிட்டிருக்கு. எவன் சொன்னது இதை?"

"நியூட்டன்."

"அவன் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கானா?"

இவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. இந்த விதியைத் தேர்வில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். ஆனால் அக்காவைப் போலவே அவளும் அதை நம்பியதில்லை. அக்காவுக்கு அதைச் சொல்லத் துணிச்சல் இருந்தது. இவளிடம் மனப்பாடம் இருந்தது.

அந்த வாரம் வைப்பர் மூன்று அத்தியாயம் தாண்டிப் போனார். அவள் அந்த ஒரு லாரியை விட்டு நகரவில்லை. அடுத்த முறை அக்கா வந்தபோது, பேக் பூசிவிட்டு, சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றில் அவளையும் இன்னொன்றில் அம்மாவையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். கையோடு கை.

"காலைத் தூக்கிக்கிட்டு, ஒரே தள்ளு."

அம்மா கொஞ்சமாக நகர்ந்தாள். ஒல்லிக்குச்சியான அக்கா கை கழுவும் தொட்டி வரை உருண்டு போனாள்.

"இப்போ உள்ளங்கையைப் பாருங்க. யாருக்கு அதிகமா அழுந்துச்சு?"

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மாதிரிதான்.

"தள்ளு ஒண்ணுதான்கா. நீங்க லேசு, அதனால ஓடிட்டீங்க. அம்மா..."

"அம்மா என்ன?" என்றாள் அம்மா.

"அம்மா லாரி."

முதுகில் விழுந்த அடியை அவள் பொருட்படுத்தவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு உந்தம், திருப்புவிசை, ஆற்றல் என்று அந்த வருஷத்துப் பாடம் முழுவதும் பார்லர் வழியாகத்தான் நகர்ந்தது. கணக்குகளை அவளே உட்கார்ந்து, தப்பாகப் போட்டு, கிழித்து, திரும்பப் போட்டாள். இரண்டாவது தேர்வில் நாற்பத்தொன்று வந்தது. "தப்பித் தவறி வந்திருக்கும்," என்றார் வைப்பர்.

வாய்மொழித் தேர்வு நாளன்று அவர் கோட்டுப் போட்டிருந்தார். பக்கத்தில் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த, அதிகம் பேசாத நரைத்த தலை அம்மாள். முதலில் ஒரு சமன்பாட்டை வருவிக்கச் சொன்னார்கள். நடுவில் கூட்டலுக்குக் கழித்தல் போட்டுவிட்டு, கீழே வந்து தடுக்கி, மேலே போய்த் திருத்தினாள். மார்க் போனது தெரிந்தது. வைப்பர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உராய்வு எதையும் எதிர்க்கும்னு படிச்சிருக்கே. நீ நடக்கிறே. உராய்வு எந்தப் பக்கம்?"

"முன்பக்கம் சார்."

வைப்பரின் நெற்றி மடிந்தது. புகழ்பெற்ற மடிப்பு அது. அதைப் பார்த்த மாத்திரத்தில், சரியான பதிலோடு வந்தவர்கள்கூட "பின்பக்கம் சார்" என்று கட்சி மாறியிருக்கிறார்கள். இவள் வருஷம் முழுக்க நெற்றிகளைப் பார்த்தவள். சற்றே முன்னால் குனிந்து, மிகவும் அன்பாகக் கேட்டாள்:

"எந்த இடத்துல புரியலை சார்?"

வைப்பர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எனக்கா? எனக்கா புரியலை?"

வெளியிலிருந்து வந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், "இன்னொரு தடவை சொல்லும்மா. சாருக்காக."

"எங்க பார்லர்ல சோப்புத் தண்ணி கொட்டினா, நாம உந்துற கால் பின்னாடிதான் வழுக்கும் சார். அந்த வழுக்கலைத்தான் உராய்வு எதிர்க்குது, நம்மளை இல்லை. கால் பின்னாடி வழுக்கப் பாக்குது, அதனால தரை நம்மளை முன்னாடி தள்ளுது. உராய்வு இல்லைன்னா நான் இந்த ரூமுக்கே நடந்து வந்திருக்க முடியாது."

வைப்பரின் நெற்றி மெல்ல மெல்ல மடிப்புக் கலைந்து வழவழப்பானது. "அது எனக்குத் தெரியும்," என்று மேசையிடம் சொன்னார்.

அறுபத்து மூன்று. பாஸ். தன் கண்டிப்பு ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்டதாக வைப்பர் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லிக்கொள்ளட்டும். அவர் வகுப்பில் தேறியவர்கள் குறைவு, அவருக்கும் பெருமைப்பட ஏதாவது வேண்டாமா?

சாயங்காலம் பெரிய மாமா போன் செய்தார். அவர் மகன் எதிலும் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவன்.

"அறுபத்து மூணா? சரி, பரவாயில்லை. பாஸ்தானே."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க அண்ணா," என்றாள் அம்மா. பிரஷ் கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா அந்தக் குரலில் தன் அண்ணனோடு பேசி அவள் கேட்டதில்லை. "அறுபத்து மூணும் அவளுக்குப் புரிஞ்ச மார்க்கு. ஒவ்வொண்ணும் எதுக்கு வந்துச்சுன்னு நானே சொல்வேன். கேளுங்க."

"அம்மா, போதும்மா."

"நீ சும்மா இரு. அண்ணா, லைன்ல இருக்கீங்களா? அண்ணா?"

மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி நம்பரைப் போட்டாள்.