யானை பார்க்கப் போன ஞாயிறு

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையில் போய் முடியும் சந்தொன்றில் ஜவாஹிறாவின் வீடு இருந்தது. அதன் மேல்மாடி அறையில் றஞ்சிதமும் மகள் நிறோஜாவும் குடியிருந்தார்கள். அறையில் இரண்டு கட்டில்கள் கிடந்தன. ஆறு வயது நிறோஜா இரண்டிலும் படுப்பதில்லை. கட்டிலுக்குக் கீழேதான் அவளுடைய இராச்சியம். தலையணை, ஒரு கை கழன்ற துணிப் பொம்மை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அங்கேயே இருந்தன.

கிளாலிக் கடலைப் படகில் தாண்டி அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கொழும்பில் விமானம் குண்டு போடாது என்று றஞ்சிதம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் இரத்மலானை விமானத்தளம் சில மைல் தூரத்தில்தான் இருந்தது. வானத்தில் இரைச்சல் எழும்போதெல்லாம் பிள்ளை தாயின் சொல்லை விட்டுத் தன் காதை நம்பினாள்.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் அதிபர் அம்மா நல்லவர். சேர்க்கப் போன அன்று நிறோஜா மேசைக்கு அடியில் புகுந்து மதியம் வரை வெளியே வராதபோதும் அவர் கோபிக்கவில்லை.

“வெளியிலை நடமாடப் பழக்கிக் கொண்டுவாங்கோ. இடம் வைச்சிருக்கிறன்,” என்றார். “ஆனால் வாற கிழமைக்குள்ளை வரவேணும். வேறை பிள்ளையளும் காத்துக்கொண்டிருக்கினம்.”

அந்தக் கிழமைதான் நாளைக்குப் பிறக்கப்போகிறது. வெளியேறும் பாஸ் கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலேயே மாட்டிக்கொண்ட கணவன் தில்லைநாதன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் ‘பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா’ என்றுதான் தொடங்கும். றஞ்சிதம் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை.

ஞாயிறு காலை ஜவாஹிறா படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“மகள், புள்ளய இப்பிடிப் பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி வெச்சிக்கிட்டு ஈந்தா எப்பிடி? வாங்க, தெஹிவளைக்குப் போவம். ஆன ஆட்டம் பாப்பம்.”

“அங்கை வானம் திறந்து கிடக்குமே ராத்தா,” என்றாள் றஞ்சிதம் ஜவாஹிறாவிடம்.

“வானம் எங்கதான் மூடிக் கெடக்குது?”

கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு குரல் கேட்டது. “யானை பிள்ளையார் மாதிரி இருக்குமோ?”

“மொகம் அதேதான். காலு மட்டும் ரெண்டு கூட,” என்றாள் ஜவாஹிறா, குனிய முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. “வெளிய வந்தாத்தான் எண்ணிப் பாக்கலாம்.”

சிறிது நேரம் கழித்துத் துணிப் பொம்மை முதலில் வந்தது. பிறகு நிறோஜா வந்தாள்.

தெஹிவளைக்குப் போன பஸ்ஸை வாய்க்கால் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். காவலரணில் நின்ற சிப்பாய் றஞ்சிதத்தின் அடையாள அட்டையில் இருந்த யாழ்ப்பாண முகவரியை நெடுநேரம் பார்த்தான். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

“சத்து வத்தட்ட, மாத்தயா. அலியா பலன்ட,” என்று ஜவாஹிறா முந்திக்கொண்டு, மிருகக்காட்சிசாலைக்கு யானை பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு, என்ன நினைத்தானோ, துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, ஒரு கையை மூக்கருகில் வைத்துத் தும்பிக்கை போல ஆட்டிக் காட்டினான். தாயின் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து நிறோஜாவின் ஒரு கண் மட்டும் அவனை எட்டிப் பார்த்தது.

மிருகக்காட்சிசாலைக்குள் பெருமரங்கள் கைகோத்து வானத்தை மறைத்திருந்தன. பாதைகள் எல்லாம் பச்சை நிழலில் நனைந்து கிடந்தன. நெட்டைக்கால் பறவைகள் ரோசா நிறத்தில், யாரோ கனவு கண்டு அப்படியே விட்டுப்போனது போல, தண்ணீரில் அசையாமல் நின்றன. மீன்கள் இருந்த இருட்டு மண்டபத்தை விட்டு நிறோஜா வர மனமில்லாமல் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் பச்சை வெளிச்சம். அதில் சத்தமே இல்லாமல் பெரிய மீன்கள் போய்வந்தன.

“அம்மா, மீனுக்குப் பங்கர் முழுக்கத் தண்ணி,” என்றாள் இரகசியமாக. ஊரில் குண்டுக்கு ஒளியும் பதுங்குகுழிதான் அவளுக்குத் தெரிந்த பங்கர். றஞ்சிதத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிள்ளை வெளியில் நின்று தானாகப் பேசி எத்தனை நாளாயிற்று.

மண்டபத்தை விட்டு வெளியே வந்த இடத்தில் மரங்கள் இல்லை. அங்கேதான் அந்த இரைச்சல் வந்தது. விமானம் கூரைகளைத் தொட்டுவிடுவது போலத் தாழப் பறந்து இரத்மலானைப் பக்கம் போயிற்று. ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கைகாட்டினார்கள். பழக்கத்தில் றஞ்சிதமும் நிலத்தோடு குந்திவிட்டாள். அவள் நிமிர்ந்தபோது கைக்குள் இருந்த சிறு கை இல்லை.

“ராத்தா, பிள்ளை எங்கை?”

“இப்ப இங்கதானே ஈந்த!”

இருவரும் ஓடினார்கள். குரங்குக் கூட்டடியில் தேடினார்கள், கடலைக்காரனிடம் கேட்டார்கள். நிறோஜாவைப் போலச் சிவப்புச் சட்டை போட்ட எந்தச் சிறுமியைக் கண்டாலும் றஞ்சிதம் அவளுடைய முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அது நிறோஜா அல்ல. தாயைத் தவறவிட்ட பிள்ளை அழும், தாயைத் தேடும், யாராவது கூட்டிவருவார்கள் என்று ஜவாஹிறா தேற்றினாள்.

அதைக் கேட்டதும் றஞ்சிதம் நின்றுவிட்டாள். நிறோஜா தாயைத் தேடமாட்டாள். தேடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளே றஞ்சிதம்தான். யாழ்ப்பாணத்தில், தான் சமையலறையில் நிற்கும்போது குண்டுபோடும் பொம்மர் வந்தால், பிள்ளை தன்னிடம் ஓடிவந்து நேரத்தைத் தொலைத்துவிடக்கூடாது என்று, சோறு ஊட்டும்போதெல்லாம் சேர்த்து ஊட்டிய பாடம் அது: ‘சத்தம் கேட்டால் அம்மாவைத் தேடாதை. குழியைத் தேடு.’

அதற்குப் பிறகு அவள் முகங்களைப் பார்க்கவில்லை. பிள்ளையாரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள். பள்ளம், படிக்கட்டின் அடி, வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பெரிய ஆமைகளின் வேலியோரம் மழைத்தண்ணீர் ஓடும் சீமெந்துக் கான் ஒன்று காய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு நீலக் குடை விரிந்திருந்தது. கானின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு ஒரு சிங்களப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுப் பார்சல்கள். குடை நிழலுக்குள் மூன்று பிள்ளைகள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில் சிவப்புச் சட்டை. மூவரும் காதைப் பொத்தி, வாயைச் சற்றுத் திறந்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், றஞ்சிதம் மகளுக்குப் பழக்கியபடியே அச்சொட்டாகக் கிடந்தார்கள். வேலிக்கு அப்பால் ஓர் ஆமை தலையை நீட்டி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்து, மெல்லச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுறா ராத்தா?”

“தங்கச்சி ஓடிவந்து படுத்தாளாம். கூப்பிட்டும் எழும்பல்லயாம். ஏனெண்டு வெளங்கல்லயாம். தனியப் படுக்க உடேலாதெண்டு தன்ட புள்ளைகளயும் கூடப் படுக்கச் சென்னாவாம்.” ஜவாஹிறா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நானும் படுப்பன். பொறகு தூக்கி எடுக்க அந்த ஆனதான் வரணும்.”

உலகத்தில் இறைவன் நேரே வந்து நிற்கும் இடங்கள் குறைவு. அவர் அனுப்பும் ஆட்கள் பெரும்பாலும் சோற்றுப் பார்சலோடுதான் வருகிறார்கள். றஞ்சிதம் அந்தப் பெண்ணைக் கும்பிட்டாள். பிறகு சேலையை ஒதுக்கிக் கானுக்குள் இறங்கி மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

நிறோஜா ஒரு காதைத் திறந்தாள். “நான் சரியாப் படுத்தனானே அம்மா?”

“ஓம் குஞ்சு. வடிவாப் படுத்தனீங்கள்.”

“இவையளுக்குத் தெரியேல்லை. நான்தான் காட்டிக் குடுத்தனான்.”

“நல்ல பிள்ளை.” பிள்ளையின் உயிரைக் காத்த பாடத்தைப் பிழை என்று சொல்ல றஞ்சிதத்துக்கு மனம் வரவில்லை. “இஞ்சை வேறை மாதிரிச் செய்யவேணும், என்ன? சத்தம் கேட்டால் முதல் என்ரை கையைப் பிடி.”

“குழி?”

“முதல் கை. பிறகு ரெண்டு பேருமாக் குழி தேடுவம்.”

நிறோஜா யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாலை யானையாட்டத்துக்கு இரண்டு குடும்பத்தாரும் ஒரே நீள வாங்கில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் சோற்றுப் பார்சலைப் பிரித்து எல்லோருக்கும் பங்கு போட்டாள். ஜவாஹிறா அன்னாசி அச்சாறு வாங்கிக் கொடுத்தாள். சாயும் வெயில் மணலைப் பொன்னாக்கியிருந்தது. யானைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாத ஓர் உலகத்திலிருந்து வருவது போல வந்தன.

ஒரு யானை மணி அடித்தது. இன்னொன்று மவுத் ஓர்கன் வாசித்தது. “நாலு கால்தான்,” என்று நிறோஜா எண்ணி ஒப்புக்கொண்டாள்.

பாகன் ஒரு சொல் சொன்னான். யானைகள் முன்காலை மடித்து, பின்காலை மடித்து, மணலில் ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கின. அதே வேளையில் மரங்களுக்கு அப்பால் இரைச்சல் எழுந்தது.

றஞ்சிதம் மகளைப் பார்த்தாள். இப்போது பிள்ளை மறுபடி தனியே ஓடினால், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

சின்ன விரல்கள் அவளுடைய விரல்களைத் தேடி வந்து இறுகப் பிடித்தன. நகம் பதிந்து வலித்தது. சிங்களப் பிள்ளைகள் இரண்டும் வாங்கிலிருந்து மெல்லச் சறுக்கி இறங்கி, படுக்க ஆயத்தமாக நிறோஜாவின் முகத்தைப் பார்த்தன. அவள் சொன்னால் படுப்பார்கள்.

நிறோஜா யானைகளைப் பார்த்தாள். விமானம் தலைக்கு மேலே வந்து, கடந்து, தேய்ந்தது. பாகன் மறுபடி ஒரு சொல் சொல்ல, யானைகள் ஒவ்வொன்றாக எழும்பி, காதை ஆட்டி மணலை உதறின.

அவள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர்கள் திரும்ப வாங்கில் ஏறிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடல் பக்கத்து வானம் மாம்பழ நிறமாகிக் கொண்டிருந்தது. பாலத்தடி வந்ததும் கேட்டாள்:

“அம்மா, பள்ளிக்கூடத்திலை மேசை இருக்குமே?”

“இருக்கும் குஞ்சு.”

“அப்ப சரி. மேசைக்குப் பக்கத்திலை இருக்கிறன்,” என்றாள் நிறோஜா. “தேவையெண்டால் மட்டும் கீழை போவன்.”