ஒரு சாண் கொறச்சு

அரூர் ஆஸ்பத்திரியில என்னால ஒரு எடத்துல நிக்க முடியல. உக்காந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா வாசலுக்கு ஓடத் தோணுது. உள்ள மேசை மேல ஒரு கீழ்த்தாடை கெடக்குது. சித்தேரிக் காட்டு ஓடையில கடுக்கா பொறுக்கப் போனவங்க கண்டெடுத்தது. மிச்சத்த நரி இழுத்துட்டுப் போயிருச்சு.

எங்கூட்டுக்காரரு போன கார்த்திகையில தேனெடுக்கப் போனவரு, திரும்பவே இல்ல. வெள்ளக்காரன் சண்ட நடக்கற காலம். மொரப்பூர்ல ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போயிருப்பாருன்னு கொழுந்தன் கரியன் சாதிக்கிறான். நானும் அதத்தான் புடிச்சுக்கிட்டுத் தொங்கறேன்.

"இந்தப் பல்லு அடையாளம் தெரியுதாம்மா?"ன்னு கேட்டாரு டாக்டரு. நல்லாக் கேட்டாரு போங்க! சந்தையில மாடு வாங்கற மாதிரி புருசன் பல்லப் புடிச்சா பாத்தேன்?

அப்புறம் இடுக்கி மாதிரி ஒரு கருவிய வெச்சு முன்பல்லுங்கள அளந்தாரு. பல்லு அகலத்த வெச்சு ஆளோட ஒசரத்த உத்தேசமாச் சொல்லலாம்னு சீமைப் பொஸ்தகத்துல போட்டிருக்குதாம். கணக்குப் போட்டு, சுவத்துல சாக்கட்டியால ஒரு கோடு இழுத்தாரு.

"செத்தவன் ஏறக்கொறய இவ்ளோ ஒசரம். உம் புருசன் சென்னப்பன் எவ்ளோ ஒசரம்? காட்டுங்க."

கொழுந்தன் கைய வெச்சுக் காட்டுனான். எங்கூட வந்த ஊர்க்கவுண்டர் பெரியண்ணனும் காட்டுனாரு. ரெண்டு கையும் ஒரே எடத்துல. டாக்டரு அங்க ரெண்டாவது கோடு போட்டாரு. மொதக் கோட்டுக்கு ரொம்பக் கீழ.

"அவ்ளோ கட்டையா? அப்ப இது உம் புருசன் இல்ல. நிம்மதியா வூட்டுக்குப் போம்மா. இத அனாதைப் பொணங்களோட பொதைச்சிருவாங்க."

வயித்துல பால வாத்தாரு மகராசன். "அண்ணன் உசுரோட இருக்குது!"ன்னு கொழுந்தன் கத்துனான். எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. விறுவிறுன்னு படியெறங்குனேன். கடேசிப் படியில காலு நின்னு போச்சு.

எங்க ஊர்ல உசுரோட இருக்கறவன் ஒசரத்த யாரும் உள்ளபடி காட்ட மாட்டோம். குழி வெட்டறதுக்குத்தான் ஆள அளக்கறது. யாராச்சும் கேட்டா ஒரு சாண் கொறச்சுத்தான் காட்டுவோம். எமனுக்கு அளவு தெரியக் கூடாதில்ல? பழக்கதோசத்துல ரெண்டு பேருக்கும் கை தானா எறங்கிருச்சு.

திரும்புனேன். கொழுந்தன் குறுக்க வந்து நின்னான். "வேண்டாம் அண்ணி."

அவன் மூஞ்சியப் பாத்தேன். அவனுக்கும் தெரிஞ்சுதான் இருக்குது, பாவி.

"என்னய வுடு! உங்கண்ணன் ஊரு பேரு இல்லாதவங்களோடவா கெடக்கணும்?"

உள்ள போயி, கீழ்க்கோட்டுல கட்டவெரல வெச்சேன். எட்டக் கூடாது சாமி, எட்டவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டே கைய விரிச்சேன். சுண்டுவெரல் சரியா மேல்கோட்டுல போயி நின்னுச்சு.

"என்னம்மா பண்ற?"ன்னாரு டாக்டரு.

"அந்தத் தாடையக் குடுங்க சாமி"ன்னேன். "எங்கூட்டுக்காரருக்குக் குழி வெட்டணும். அளவு கெடச்சிருச்சு."