கன்னிமூலை அறை

“பைய... பைய... தலைய நிமித்துங்க வே. இடிக்குது.”

மாடிப்படியின் திருப்பத்தில் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். பலகையில் கிடத்தி இறக்கிக்கொண்டிருந்த சங்கரசுப்பிரமணியனின் கால் ஒரு சுவரில் முட்டியது, தலை மறு சுவரில் முட்டியது. ஆறடி மனிதர். விடிகாலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். மகன் சிவகணேஷ் மதுரையிலிருந்து வந்து சேர்வதற்குள் உடம்பு விறைத்துவிட்டது.

கீழே கூடத்தில் ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மகள் விஜயஸ்ரீ நின்றாள்.

“யாரு போட்ட பிளான் வே இது? ஆளு எறங்க வழியில்ல,” என்றார் கால்பக்கம் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்.

“அவரு மகதான். வாசல்ல கல்லுல பேரு வெட்டியிருக்குலா. ஆர்க்கிடெக்டு,” என்றார் தலைப்பக்கம் பிடித்திருந்தவர்.

விஜயஸ்ரீக்குக் காது சுட்டது. ஐந்து வருடம் படித்து, எட்டு வருடம் ஊரார் வீடுகளுக்கெல்லாம் வரைந்து, பிறகுதான் அப்பா தன் வீட்டுக்கு வரையச் சொன்னார். அவருக்கு அப்போதே முழங்கால் வலி. அதனால் அவர் படுக்கும் அறையைக் கீழேயே வைத்தாள். அகலமான கதவு, கூடத்தைப் பார்த்த திறந்த படிக்கட்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தாய்மாமன் குமரகுருபரன் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வரும்வரை. அந்த ஆள் திசைகாட்டியுடன் மனையை ஒரு சுற்றுச் சுற்றினார். குடும்பத் தலைவர் மாடியில் தென்மேற்குக் கன்னிமூலையில்தான் படுக்க வேண்டும் என்றார். தலைவாசலில் நின்று பார்த்தால் படி தெரியக் கூடாது, சுவர் வைத்து மறைத்துவிடுங்கள் என்றார். அரை மணி நேரத்தில் அவளுடைய நான்கு மாத வேலை ஒழிந்தது.

அன்று செங்கல் குவியலுக்கு நடுவே நின்று கத்தினாள். “நீ படிச்சது படிப்புட்டி. அவரு பாக்குறது பலன்,” என்றார் அப்பா. கட்டட மேஸ்திரி முத்துமாலை அவள் வரைபடத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, மாமா சொன்னபடி கட்டினார். பால் காய்ச்சும் நாளில் வந்து பார்த்தால், வாசல் கல்லில் அவள் பெயர். அதையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். “எம்மவ ஆர்க்கிடெக்டுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?” என்று சிரித்தார். அவள் வரைந்தது வேண்டாம், அவள் பட்டம் மட்டும் வேண்டும். என்ன நியாயம் இது?

“நாற்காலில உக்கார வச்சுக் கட்டி எறக்கிருவோமா?” என்று மேலிருந்து கேட்டான் சிவகணேஷ்.

“விறைச்ச உடம்ப எப்படிப்பா மடக்குவ?” என்றார் ஒருவர். “அமுக்கினா மடங்கும்,” என்றார் இன்னொருவர்.

விஜயஸ்ரீ மாமாவைப் பார்த்தாள். அவர் தோள் துண்டின் கரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“இதை நான் போடல,” என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. “மாமா, சொல்லுங்க. யாரு போட்டது?”

“இன்னைக்கு வேண்டாம்ட்டி,” என்று அம்மா வேணி அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னைக்குத்தாம்மா வேணும். அப்பாவ யாரும் அமுக்க வேண்டாம். மேலயே கொண்டு போய்ப் படுக்க வைங்க.”

துட்டி விசாரிக்க வந்து வாசலில் நின்றிருந்த முத்துமாலையைக் கூப்பிட்டாள். “கடப்பாரை இருக்கா? இந்தச் சுவத்த இடிங்க.”

“இழவு வீட்டுல இடிக்கவா? சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு,” என்றார் மாமா. அதற்கு மட்டும் வாய் வந்தது.

முத்துமாலை பழக்கதோஷத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

“அங்கன என்ன பாக்கீங்க? இங்கன பாருங்க. நாலரை இஞ்சு மறைப்புச் சுவரு. இதுமேல ஒண்ணும் நிக்கல. இங்கிருந்து அந்தத் திருப்பம் வரைக்கும்.” கோலப்பொடி டப்பாவிலிருந்து எடுத்து, சுவரில் விரலால் கோடு இழுத்தாள்.

முத்துமாலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். “சரி தாயி.”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூடமெல்லாம் செந்தூள். இடைவெளி வழியே நீண்ட கைகளில் அப்பா நேராகப் படுத்தபடியே வந்து இறங்கினார். மாமா வெளியே போய் வெயிலில் நின்றார்.

சாயங்காலம் ஆண்கள் சிந்துபூந்துறைச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டுப் போன பிறகு பெண்கள் வீடு கழுவினார்கள். விஜயஸ்ரீ மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா கூடத்தில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருசமா ஒங்கப்பா இந்தப் படில நடந்து எறங்கல,” என்றாள் திடீரென்று.

“பெறகு?”

“உக்காந்து உக்காந்துதான் எறங்குவாவ. ஒவ்வொரு படியா. நீ வாரன்னிக்கு மட்டும் விடியுமுன்ன எறங்கி, சட்டையப் போட்டுக்கிட்டு நாற்காலில உக்காந்துருவாவ.”

துடைப்பம் நின்றது. “எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாவ. ‘அவ மொகத்துல எப்படி முழிப்பேன்’னாவ.”

விஜயஸ்ரீக்குக் கோபம் தீரவில்லை. இன்னும் ஏறியது. அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தால் ஒரே நாளில் இடித்துத் தந்திருப்பேனே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது?

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஏறிப்போய் மேல்படியில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக் கீழ்ப்படியைத் தேடினாள். படியின் உயரம் எட்டு அங்குலம் இருக்கும். அவள் வரைந்தது ஆறு. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் இறக்கினாள். முதுகுத்தண்டில் சுருக்கென்றது.

“ஈரத்துல உக்காராதட்டி. எந்திரி,” என்றாள் அம்மா.

அவள் காலை நீட்டி அடுத்த படியைத் தேடினாள்.