கருமணி வைக்காத கண்களின் கணக்கு

1

காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டு தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பின்னறைக்குப் போய் விளக்கைப் போடுகிறேன். தட்டில் இருக்கும் கண்களை எண்ணுகிறேன். எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றுகிறேன்.

பின்னறைதான் எங்கள் பட்டறை. பொம்மைகளுக்குக் கண்ணாடிக் கண் செய்வது தொழில். கண்ணாடியை உருக்கி உருட்டுவது நான். நிறம் தீட்டுவது என் மனைவி. வரவு செலவு எழுதுவதும் நான்தான். வணிகவியல் படித்தவன் என்பதால் அவளுக்கு நான் கணக்கப்பிள்ளை. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அக்கா போனில் ஒன்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரியில் அடங்கவில்லை.

2

அவர் கேட்டது இது.

"தம்பி, அந்தத் தட்டுல இருக்கறத எதுல காட்டட்டும்? முடிஞ்ச சரக்கா, முடியாத சரக்கா?"

கண் செய்வதில் கடைசி வேலை கருமணி வைப்பது. நிறம் காய்ந்த பிறகு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது வரும்வரை கண் எதையும் பார்ப்பதில்லை. அவள் போனபோது ஒரு தட்டு நிறையப் பழுப்புக் கண்கள் கருமணி இல்லாமல் கிடந்தன.

தொழில் அவள் பெயரில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்தால்தான் என் பெயருக்கு மாறும். மாறாவிட்டால் மூட வேண்டியதுதான். கணக்கை முடிக்க, கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்று ஒரு எண் வேண்டும்.

முடியாத சரக்கு என்று எழுதி எண்ணை அனுப்பினேன். மறுநாள் காலை ஒரு ஜோடிக்குக் கருமணி இருந்தது. திருத்தி அனுப்பினேன். அடுத்த நாளும் ஒரு ஜோடி.

"ஏன் தம்பி தினம் ஒரு நம்பர் அனுப்புறீங்க? அங்க கண்ணு குட்டி போடுதா?"

"முடியாததுல குறையுதுக்கா. முடிஞ்சதுல ஏறுது."

"அப்ப யாரோ வேலை பாக்கறாங்க. கூலி எங்க? கூலிச் செலவே காட்டாம சரக்கு மட்டும் எப்படி ஏறும்?"

தட்டை இன்னொரு முறை எண்ணினேன்.

"உங்க வீட்டுக்காரி கணக்கே தேவலாம் போங்க. ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுட்டு 'நிற ஆராய்ச்சி'ன்னு பில் குடுப்பா. நானும் கணக்குல ஏத்தி விட்டிருக்கேன்."

சொன்ன பிறகு அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

3

கருமணி வைப்பது யார்?

முதல் வரைவில் அவள் வருகிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி

[இதை முடிக்கவில்லை. உதட்டில் வைத்துக் கூராக்குவது உண்மை. "பெயின்ட் வயித்துக்குள்ள போகுதுடி" என்று திட்டினால் "போகட்டும், உள்ள ரெண்டு கண்ணு இருந்தா நல்லதுதானே கணக்கப்பிள்ளை" என்பாள். இப்படிச் சொன்னாளா, இப்போது நான் சொல்ல வைத்தேனா, தெரியவில்லை.]

இரண்டாம் வரைவில் நானே தூக்கத்தில் எழுந்து வைக்கிறேன். நம்பும்படியான விளக்கம். இடிப்பது ஒன்றுதான்: எனக்குப் புள்ளி வராது. நான் வைத்தால் விளிம்பில் கசியும். இவை கசியவில்லை. இருந்தாலும் ஒரு காலையில் பல் தேய்த்துத் துப்பியதைக் குனிந்து பார்த்தேன்.

நுரை கறுப்பாக இருந்தது.

[கதைக்காகச் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அது வசதி.]

அடிக்குறிப்பு போல ஒன்று: அக்கா கூலியைக் கேட்டது நியாயம். ஆனால் உரிமையாளர் தானே வேலை செய்தால் அதற்குக் கூலி எழுத வேண்டியதில்லை. காகிதத்தில் இன்னும் அவள்தான் உரிமையாளர். கணக்குப்படி எந்தத் தவறும் இல்லை.

4

அவளைப் பாத்திரமாக எழுதுவதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் எழுதுவதை அவள் குரலில் படித்துப் பார்க்கிறேன். பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நல்ல வாக்கியமாக அமைந்தால் அது என்னுடையது. அவள் நல்ல வாக்கியம் பேசுகிறவள் இல்லை. பாதியில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஒவ்வொரு நல்ல வாக்கியத்துக்கும் அவளுடைய பாதி வாக்கியம் ஒன்று எனக்கு மறந்துபோகிறது.

ஒரு நாள், சும்மா, கதையில் அவளை இடதுகைக்காரியாக ஆக்கிப் பார்த்தேன். அவள் வலதுகைக்காரி. மறுநாள் காலை பிரஷ் தட்டுக்கு இடப்பக்கம் இருந்தது.

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அதற்கடுத்த நாள் பிரஷ் வலப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் தட்டுக்கு வருவது எந்த

5

இன்று காலை எண்ணினேன். கருமணி இல்லாமல் ஒரே ஒரு ஜோடி மிச்சம்.

அக்கா போன் செய்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் கடைசி, தம்பி. நாளைக்கு நம்பர் மாறக் கூடாது. மாறாதுன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"மாறாம இருக்கணும்னா அந்த ஜோடிய உடைக்கணும்கா."

"உடைங்க. நஷ்டத்துல எழுதிக்கறேன். ரெண்டு கண்ணுக்கா இவ்வளவு?" குரலை இறக்கிக் கேட்டார். "தம்பி, சாப்பிடுறீங்களா ஒழுங்கா?"

"சாப்பிடறேன்கா."

"பொய்யும் ஒழுங்கா சொல்ல வரல உங்களுக்கு."

உடைத்தால் கையெழுத்துப் போடலாம். தொழில் எனக்கு. அவள் வருவதற்கு வேலை எதுவும் இருக்காது.

உடைக்காமல் விட்டால் நாளை காலை அதற்கும் கருமணி இருக்கும். தட்டு நிறைந்துவிடும். அப்போதும் வேலை இருக்காது.

அந்த ஜோடியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்தும் போடாமல், தொழிலை மூடிவிட்டு, எங்கேயாவது [இப்படிப் போகிறவன் நான் இல்லை. இருந்தாலும் வாக்கியம் இருக்கட்டும்.]

புதுக் கண்களை உருட்டித் தட்டில் வைக்கலாமே என்பீர்கள். வைத்தேன். அவற்றை யாரும் தொடவில்லை. எடுத்து மறுபடி உருக்கிவிட்டேன்.

கதையை எழுதுகிறவன் இந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிவம் எதிரில் இருக்கிறது. வெயில் மேசையிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

முடியாத சரக்கு: ........ ஜோடி.

நீங்கள் நிரப்புங்கள். நிரப்பியதை என்னிடம் சொல்ல வேண்டாம்.

6

ஒரு திருத்தம். இதில் அவள் பேசியதாக வந்ததை நம்பாதீர்கள். எது அவளுடையது என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னதில் நான் கை வைக்காதது ஒன்று இருக்கிறது. எழுதினால் அதுவும் மாறிவிடுமோ என்று இதுவரை எழுதவில்லை.

அட்டைப்பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். திரும்பும்போது சாலையில் லாரி. அதற்கு முன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"தாழ்ப்பா போட்டுடாத. வரும்போது ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கும், தட்ட முடியாது."