கல்யாணத்துக்குப் போன பியட்

சத்யப்ரியா தன் கல்யாணத்துக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. அதுவும் எந்தக் கார்? அறுபத்தேழாம் வருஷத்துப் பியட். அவள் அம்மா அன்னக்கொடியைவிட அதற்கு ஒரு வயது கூட. மாப்பிள்ளை பாண்டியராஜன் மட்டும், "ஓட்டிட்டு வா, மண்டப வாசல்ல நிக்கிறேன்" என்றான். அன்னக்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வழியில ஒருக்கா கொதிச்சுச்சு, தாலி ஏறுன மறுநாளே அத பழைய இரும்புக்குப் போட்டுருவேன். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லித் தொலைத்தாள் சத்யப்ரியா.

தினமும் ஆபீசுக்கு ஒழுங்காகப் போய்வரும் வண்டிதான். ஆனால் நல்ல நாள் பார்த்துக் கொதிக்கும். ஆயுத பூசையன்று அழகர்கோயில் ரோட்டில் கொதித்தது. தோழி அஸ்வினியின் மாப்பிள்ளை அழைப்பில் நடுத்தெருவில் ஆவி கக்கியது. வண்டியூரில் பட்டறை வைத்திருக்கும் அழகுபாண்டி ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார், வாட்டர் பம்ப்பை மாற்றினார், பேன் பெல்ட்டை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் சூடம் காட்டி, எலுமிச்சை வைத்து, முன்னால் தடிமனாக ஒரு செவ்வந்தி மாலை சாத்தித்தான் அனுப்புவார். ரிங் ரோடு ஏறுவதற்குள் கொதிக்கும். ஆறவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தால், மாலையைப் பயபக்தியோடு கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார். சூட்டைக் காட்டும் முள் அசையாது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல பாப்பா. ஒனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்பார். அப்போதெல்லாம் அவரைக் கடித்துக் குதறலாம் போலிருக்கும் அவளுக்கு.

கல்யாணத்தன்று காலை, சம்பந்தி வீட்டார் கிழட்டு வண்டி என்று சிரித்துவிடக் கூடாதே என்று அன்னக்கொடி வண்டியின் முகமே தெரியாதபடி செவ்வந்தியும் சம்பங்கியுமாகப் போர்த்திவிட்டாள். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சத்யப்ரியா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் அழகுபாண்டி. பின்சீட்டில் அன்னக்கொடி. அதற்கும் பின்னால், தன் புது ஏசி காரில் தாய்மாமன் விருமாண்டி, இது எப்படியும் நிற்கும் என்ற நம்பிக்கையோடு வந்துகொண்டிருந்தார்.

அலங்காநல்லூர் ரோட்டில் சிக்கந்தர் சாவடி தாண்டியதும் முள் ஏறியது. சிவப்பைத் தொட ஒரு நூல் இருக்கும்போது டீக்கடை ஓரம் நிறுத்தினாள்.

"கொதிச்சிருச்சா?" என்றாள் அன்னக்கொடி.

"இன்னும் கொதிக்கலம்மா. அதுக்கு முந்தியே நிப்பாட்டிட்டேன்."

"ஒலைப்பானைக்கும் இப்பிடித்தான் சொல்லுவியாடி?"

"என்ஜின்ல ஹெட் கேஸ்கெட்டுதான் போயிருக்கும். என்ஜின அணைக்காத பாப்பா, ஓடட்டும்" என்று இறங்கினார் அழகுபாண்டி. அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் டீக்கடை வெள்ளாடு ஒன்று வந்து மாலையில் வாய் வைத்தது. கூடவே இரண்டு குட்டிகள். "சூ, சூ" என்று அவர் விரட்ட, அவை பூச்சரத்தைக் கவ்வி இழுக்க, பாதிப் போர்வை அவிழ்ந்து தரையில் விழுந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழத் தயாராக இருந்த சத்யப்ரியா முள்ளைப் பார்த்தாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆயுத பூசை. அஸ்வினி கல்யாணம். பட்டறையில் சூடம். "அண்ணே! ஆட்ட வெரட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே குதித்து ஓடி, மிச்சப் பூவையும் இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள்.

"அடியே, கல்யாணப் பூவுடி!" என்று அலறினாள் அன்னக்கொடி.

"ரேடியேட்டருக்குக் காத்துப் போற வழிய அடைச்சுட்டோம்மா! மாலை போட்ட அன்னைக்கெல்லாம் கொதிச்சிருக்கு, போடாத அன்னைக்கெல்லாம் சும்மா இருந்திருக்கு!"

அழகுபாண்டி திருதிருவென்று விழித்தார். "அப்ப நான் மாத்துன வாட்டர் பம்ப்பு?"

"நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

"பேன் பெல்ட்டு?"

"அதுவுந்தாண்ணே."

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சத்யப்ரியாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம், சடைப்பூ ஒரு பக்கம் ஆடியது.

அதற்குள் விருமாண்டி பக்கத்தில் வந்து நிறுத்தி, தன் கார்க் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுக்கா. நான் அப்பவே சொன்னேன்ல?"

அன்னக்கொடி பின்சீட்டிலிருந்து இறங்கி, முன் ஜன்னல் வழியாகப் பியட்டுக்குள் தலையை நீட்டினாள். "இந்த முள்ளு எங்கிட்டு இருந்தா நல்லது?"

"பாதிக்குக் கீழ இருக்கணும்மா."

"அங்கதான இருக்கு?"

"அங்கதாம்மா இருக்கு."

"அழகுபாண்டி, நீங்க என் தம்பி வண்டில ஏறிக்கங்க" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி முன்சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டாள்.

வெறும் முகத்தோடு பியட் புறப்பட்டது. நெல்வயல் காற்று நேராக உள்ளே அடித்தது. இரண்டு மைல் தாண்டியதும் விருமாண்டி ஹாரன் அடித்தபடி முந்திப் போனார். உள்ளிருந்து அழகுபாண்டி கையாட்டினார்.

"என்னடி, அவன் போறான், நீ பாத்துக்கிட்டு வார?"

"மெதுவாப் போவோம்மா. முள்ளு ஏறிறப் போகுது."

"முள்ள நான் பாத்துக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல். "நீ மிதி!"